நீலத்தைத் தின்னும் மஞ்சள்

இந்தக் கதவுக்குப் பச்சை அடிச்சவன் மஞ்சளக் கொஞ்சம் கூடப் போட்டுட்டான், நீலம் பத்தல, கறுப்பு ஒரு சொட்டு விட்டிருந்தா அடங்கியிருக்கும், எவன் கேக்குறது, ஆஸ்பத்திரிக் கதவுக்கு எந்தப் பச்சையா இருந்தா என்னன்னு அடிச்சிட்டுப் போயிருப்பான். காலையிலருந்து இந்தக் கதவத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அந்தப் பக்கம் என் மக இருக்கா. போன வாரம் பொறந்தவ, பேரு இன்னும் வைக்கல, மஞ்சக்காமாலைன்னு நீல வெளிச்சத்துக்குக் கீழ படுக்க வெச்சிருக்காங்க, கதவுக்கடியில அந்த நீலம் ஒரு கோடாக் கசிஞ்சு தரையில கிடக்கு. கொஞ்சம் முன்னாடி குதிங்கால்ல குத்தி ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. ரிசல்ட்டு வரணும். மஞ்சள் இறங்கியிருந்தா இங்கயே இருந்துக்கலாம், இறங்கலன்னா மதுரைக்குக் கொண்டுபோய் உடம்புல இருக்கிற ரத்தத்தையே மாத்தணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, மஞ்சள் மூளைக்கு ஏறிருச்சுன்னா காது போயிரும், கை கால் சொன்ன பேச்சு கேக்காதுன்னும் சொன்னாங்க. நல்ல மனுஷிதான், மெதுவாத்தான் சொன்னாங்க. நான் சரிங்க சரிங்கன்னு தலையாட்டுனேன். தலையாட்டும்போதே இந்தக் கதவுலதான் கண்ணு இருந்துச்சு. கறுப்பு ஒரு சொட்டு, ஒரே சொட்டு. அழுக வரணுமே, வரல. பல்லுப் புடுங்க ஊசி போட்டா கன்னம் நம்மளுது இல்லாத மாதிரி இருக்கும்ல, நெஞ்சு அப்படிக் கிடக்கு. பக்கத்துல ஒரு அம்மா பொரி உருண்டை தின்னுக்கிட்டிருந்துச்சு, எனக்கும் ஒண்ணு நீட்டுச்சு, வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டேன்.

என் மகள நான் இன்னும் நேர்ல பாக்கல. இத யார்கிட்டச் சொன்னாலும் சிரிப்பாங்க. என் பொண்டாட்டி செம்பகத்துக்குத் தலப்பிரசவம், தாய் வீட்லதான் பாக்கணும்னு வளைகாப்பு முடிஞ்ச கையோட அத்தை அவளக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. புள்ள பொறந்துருச்சுன்னதும் நான் மதுரையில பஸ் ஏறப் பையத் தூக்குறேன், அத்தைகிட்டருந்து போன். "மாப்ள, கோவிச்சுக்காதீங்க, இப்ப வந்துராதீங்க. ஜோசியர் கட்டம் போட்டுப் பாத்துட்டாரு. தகப்பன் நேரா மொகத்தப் பாக்கக் கூடாத நட்சத்திரமாம். பதினாறு நாள் கழியட்டும், எண்ணெயில மொகம் பாத்துட்டு அப்புறம் தூக்கிக் கொஞ்சிக்கலாம்." கிண்ணத்துல நல்லெண்ணெய ஊத்தி, புள்ளய மேல காட்டி, எண்ணெயில விழுற மொகத்தத்தான் தகப்பன் மொதல்ல பாக்கணும், தோஷம் எண்ணெயோட போயிரும். எங்க பக்கமும் உண்டு. எனக்கு நம்பிக்கையும் கிடையாது, மாமியார எதுத்துப் பேசுற தெம்பும் கிடையாது, ரெண்டுங்கெட்டான். பையக் கீழ வெச்சேன். "அப்ப போன்ல பாக்கலாமா அத்த?" அவங்க ஜோசியர்கிட்டப் போய்க் கேட்டாங்களாம். அந்த ஆளு, போன்ல பாக்கலாம், அதுவும் எண்ணெய் மாதிரிதான, நிழல்தானன்னு சொல்லிட்டாரு. கெட்டிக்காரன். இந்தக் கதவு நிலையில பாரு, மேல ஓரத்துல பெயிண்டு வழிஞ்சு அப்படியே காஞ்சு நிக்குது, பிரஷ்ஷ ஒரு தடவ வழிச்சு விட்டிருந்தா முடிஞ்சுது.

போன்ல பாத்தேன். செம்பகம் போனத் தூக்கிப் புடிச்சு, "ஏங்க, தங்கமா இருக்கா பாருங்க, தங்கம்!"னா. தங்கமாத்தான் இருந்துச்சு. எங்க வம்சத்துல அப்படி ஒரு நெறம் கிடையாது. நான் கறுப்பு, எங்கப்பா என்னயவிடக் கறுப்பு, செம்பகம் தன்னய மாநிறம்னு சொல்லிக்குவா, நான் மறுத்துப் பேசுறதில்ல. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே அடுப்படியில அத்தை, "மாப்ள நல்ல மாதிரி, கலருதான் கம்மி"ன்னு யார்கிட்டயோ சொன்னது கூடத்துல உக்காந்திருந்த என் காதுல விழுந்துச்சு, நான் கேசரியத் தின்னுக்கிட்டேதான் இருந்தேன். அந்த வீட்டுக்கு இப்படி ஒரு பொம்பளப்புள்ள. பாக்க வந்தவங்க எல்லாம், நல்லவேள அப்பன் கலரு இல்லன்னு கன்னத்தக் கிள்ளிட்டுப் போயிருக்காங்க. குளிப்பாட்டும்போது கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் போட்டுத் தேய்க்கிறேன், அதான் மின்னுறான்னு அத்தைக்கு அவ்வளவு பெருமை. நாளுக்கு நாள் நெறம் கூடிக்கிட்டே போச்சு. பொறந்த புள்ளைக்கு நாள் போகப்போக நெறம் கூடும்னு எவனாவது கேள்விப்பட்டிருக்கானா, கறுக்கத்தான செய்யும். அழுகவும் மாட்டேங்குறா, பாலுக்குக்கூட எந்திரிக்காம தூங்குறா, எவ்வளவு சாதுவான புள்ளன்னு அதுக்கும் சந்தோஷப்பட்டோம். ஒருத்தன் சுவத்துல மஞ்சள் வேணும்னு வந்தா எலுமிச்சையா, சந்தனமா, மாம்பழமான்னு உயிர எடுக்கிறவன் நான். எம் மகளப் பாத்துட்டு, சந்தனத்துல ஒரு கரண்டி மஞ்சள் விட்ட கலருன்னு மனசுக்குள்ள கலந்து பாத்து, ஸ்டேட்டஸ் வேற வெச்சேன். செம்பகம் போன்ல மொகத்த வழவழன்னு ஆக்கிக் காட்டுற சனியன் ஒண்ணு தன்னால ஓடிக்கிட்டிருக்கும், அது கண்ணுல இருந்த மஞ்சள வெளுத்துட்டு, தோல்ல இருந்த மஞ்சள மினுக்கிக் காட்டியிருக்கு. வீட்டுக்கு வந்து பாக்குற நர்ஸம்மா மூக்கு நுனிய விரலால அமுக்கி எடுத்துப் பாத்துட்டு, குரலே மாறி, ஆட்டோவக் கூப்பிடுங்கன்னாங்களாம். அப்புறம்தான் தோஷமாவது ஒண்ணாவதுன்னு நான் பஸ் ஏறுனேன். வந்து பாத்தா உள்ள தாய்க்கு மட்டும்தான் அனுமதி. இந்தக் கதவுல கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கு, எட்டிப் பாத்தேன், நீலம்தான் தெரிஞ்சுது. நீலத்துக்குள்ள கண்ணக் கட்டி ஒரு சின்ன உருவம், கலரே சொல்ல முடியல.

ஜோதிராஜ் இருந்திருந்தா சொல்லுவான். மதுரையில நான் வேல பாக்குற பிளக்ஸ் கடையில கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிற பய. சுவர் விளம்பரம் எழுதிக்கிட்டிருந்த நான் இப்ப அங்க பிளக்ஸுக்கு மரச்சட்டம் அடிக்கிறேன், எப்பவாவது ஷட்டருக்கு எழுதுறேன். என்னயச் சீண்டலன்னா அவனுக்குச் சோறு இறங்காது. செவப்பு, மஞ்சள், நீலம், இந்த மூணுதான் தாய்க் கலரு, மூணையும் கையில குடுத்தா உலகத்தையே எழுதிருவேன்னு ஒரு நாள் சொல்லித் தொலைச்சேன். "அண்ணே, அது உங்க டப்பாவுல. என் கம்ப்யூட்டர்ல செவப்பு, பச்சை, நீலம். மஞ்சளே கிடையாது"ன்னான். மஞ்சள் இல்லாம மாரியாத்தா பிளக்ஸ எப்படிடா போடுவன்னேன். "செவப்பும் பச்சையும் சேத்தா மஞ்சள்ணே." எனக்கு வந்துச்சே கோவம். அங்கனயே ஒரு அட்டையில செவப்பையும் பச்சையையும் வெச்சு விரலால கொழப்பி அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன், சாணிக் கலரு. "இந்தாடா உன் மஞ்சளு, போய்ப் பூசிக் குளி." கடையே சிரிச்சுது. அவனும் சிரிச்சான், சிரிச்சுட்டுச் சொன்னான். நீங்க சேக்குறது பெயிண்டு, நான் சேக்குறது வெளிச்சம். பெயிண்டு மேல வெளிச்சம் விழுந்தா கொஞ்சத்த அது முழுங்கிரும், முழுங்காம விட்ட மிச்சம்தான் கண்ணுக்கு வரும். ரெண்டு பெயிண்டச் சேத்தா ரெண்டும் முழுங்கும், மிச்சம் கொறையும், அதான் இருட்டிப்போகுது. வெளிச்சத்தோட வெளிச்சத்தச் சேத்தா கூடத்தான செய்யும், மூணையும் சேத்தா வெள்ளைன்னான். அப்பவும் நான் விடல. கூடட்டும்டா, பச்சையும் செவப்பும் கூடி எப்படி மஞ்சளாகும், மஞ்சள் எங்கருந்து வந்துச்சுன்னேன். "வரலண்ணே. நம்ம கண்ணுக்குள்ள மூணு பேர் உக்காந்திருக்கான்னு வெச்சுக்கங்க, ஒருத்தன் செவப்புக்கு, ஒருத்தன் பச்சைக்கு, ஒருத்தன் நீலத்துக்கு. நெசமான மஞ்சள் வந்தா செவப்புக்காரனும் பச்சைக்காரனும் சேந்து கத்துவான். நான் மஞ்சளே அனுப்பாம அவங்க ரெண்டு பேரையும் கிள்ளி விடுறேன், அதே மாதிரி கத்துறான், நீங்க மஞ்சள்னு நெனச்சுக்கிறீங்க." அப்ப ஏமாத்துறன்னேன். ஆமாண்ணே, எல்லாரையும்தான்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

கதவு பக்கத்துல கை கழுவுற மருந்து மாட்டியிருக்கு. உள்ள போகாதவனுக்கு அது எதுக்கு, ஆனாலும் அடிக்கடி எந்திரிச்சுப் போய் அமுக்கி அமுக்கித் தேச்சுக்கிட்டிருக்கேன், கை சில்லுன்னு ஆகுது, உடம்புல அது ஒண்ணுதான் தெரியுது. இப்ப அமுக்குனப்ப ஒரு சொட்டு போன் மேல விழுந்துருச்சு. போன்ல அவ படம்தான் இருந்துச்சு, செம்பகம் அனுப்புனது, கடைசியாத் தங்கமா இருந்தது. கன்னத்து மேல சொட்டு நிக்குது. தொடைக்கப் போனவன் குனிஞ்சு பாத்தேன். சொட்டுக்குள்ள பொடிப்பொடியாப் புள்ளி. செவப்பு, பச்சை, செவப்பு, பச்சை, ஊடால மங்கலா நீலம். மஞ்சள் இல்ல. சொட்டுக்கு வெளிய தங்கம், சொட்டுக்குள்ள தங்கம் கிடையாது. போன இப்படித் திருப்புனேன், அப்படித் திருப்புனேன். அந்தப் பய சொன்னது நெசம். எம் மக ஒடம்புல இருந்தது நெசமான மஞ்சள், விஷம் மாதிரி ரத்தத்துல ஊறுன மஞ்சள், எனக்கு வந்து சேந்தது மஞ்சளே இல்லாத ஒரு மஞ்சள், நானும் அதப் பாத்துச் சந்தனம்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். போன் மேல மட்டும் பழியப் போட முடியுமா. அத்தை கையில வெச்சுக் குளிப்பாட்டுனாங்க, செம்பகம் மடியில போட்டுப் பால் குடுத்தா, போனா குறுக்க நின்னுச்சு? ஆசை நின்னுச்சு. வெள்ளையா ஒரு புள்ள வேணும்ங்கிற ஆசை. எனக்கும் இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா பொய்யி. சொட்டு காஞ்சுபோச்சு, கன்னம் திரும்பத் தங்கமாயிருச்சு.

மஞ்சள் மேல நீலம் போட்டா பச்சையாகும். இது காலையிலருந்து மண்டைக்குள்ள சுத்துது, கிறுக்குத்தனம்னு தெரியுது, ஆனாலும் சுத்துது, வெளிச்சத்த அணைச்சதும் எம் மக இந்தக் கதவு மாதிரி பச்சையா இருப்பாளோன்னு. அது பெயிண்டுடா, இது வெளிச்சம்டா. சரி, பெயிண்டுல ஏன் பச்சையாகுது? ஜோதிராஜ் கணக்குப்படி போவோம், வேற என்ன வேல. பெயிண்டு முழுங்கும், மிச்சத்த விடும். நீலப் பெயிண்டு செவப்ப முழுங்கும். மஞ்சள் பெயிண்டு நீலத்த முழுங்கும். ரெண்டுமே தொடாம விட்டது பச்சை மட்டும்தான், அதான் கதவு பச்சை. இத்தன வருஷம் கலந்திருக்கேன், இப்பத்தான் புரியுது. மஞ்சள் நீலத்த முழுங்கும். அப்படின்னா மஞ்சள்ங்கிறதே நீலத்தத் தின்னுட்டு உக்காந்திருக்கிறது. அதான, அதான டாக்டரம்மா காலையில சொன்னது, அந்த மஞ்சள் இந்த நீல வெளிச்சத்த உறிஞ்சி, உறிஞ்சுன வேகத்துல உருமாறி, மூத்திரத்துலயும் மலத்துலயும் வெளிய போயிரும்னு. காதுல விழுந்துச்சு, உள்ள இறங்கல. நீலத்த அது மேல ஊத்துறது பூசுறதுக்கு இல்ல, தின்னக் குடுக்கிறதுக்கு. தின்னு, நல்லாத் தின்னு, தின்னு செத்துப் போ. இது எல்லாம் புரிஞ்சு என்ன ஆகப்போகுது, ரத்தத்துல என்ன இருக்கோ அதுதான் இருக்கும். ரிசல்ட்டு எடுத்துட்டு வர்ற ஆளுன்னு நெனச்சு நிமிந்தா, டிபன் கேரியரோட யாரோ போறாங்க.

அத்தை மாடியிலருந்து இறங்கி வந்தாங்க. செம்பகத்துக்குக் காய்ச்சல், தையல் போட்ட எடம் வலி, மேல வார்டுல படுத்திருக்கா, பாலப் பீச்சி ஒரு சின்னக் கிண்ணத்துல மூடி குடுத்து விடுவா, அத்தை கொண்டாந்து நர்ஸ்கிட்டக் குடுப்பாங்க. இப்பவும் குடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க. சேலைத் தலப்புக்குள்ள இன்னொரு கிண்ணம் இருந்துச்சு, எவர்சில்வர், மூடியில கசிஞ்சு எண்ணெய் வாசம் வருது. அவங்களா, "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. ஒருவேள மதுரைக்குத் தூக்கிட்டுப் போறாப்புல ஆனா வெளிய கொண்டாருவாங்கள்ல, நீங்க நேரா பாத்துருவீங்க. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதுல..."ன்னாங்க. எனக்குக் கத்தணும்போல இருந்திருக்கணும். இல்ல. கிண்ணத்த வாங்கி மூடியத் திறந்து பாத்தேன். என் மொகம் விழுந்துச்சு. நல்லெண்ணெய்க்குள்ள நானே பொன்னு மாதிரி இருக்கேன். "இங்க பாருங்க அத்த, இதுல நான்கூடச் செவப்பு"ன்னேன். அவங்க எட்டிப் பாத்தாங்க. பாத்துட்டு அப்படியே வாயப் பொத்திக்கிட்டு, "நான்தான மாப்ள தேச்சேன், தோலு மஞ்சளாத் தெரியும்போதெல்லாம் பூசுன மஞ்சள்னு நெனச்சேன், இந்தக் கைதான"ன்னு தேம்பித் தேம்பி அழுதாங்க. உங்க கை ஒண்ணும் பண்ணல அத்த, மஞ்சள் தேச்சா காமாலை வராது, கண்ணத்தான் மறைச்சிருச்சு, எல்லாருக்கும்தான்னேன். சொன்னது நான்தான், ஆனா வேற யாரோ பேசுன மாதிரி இருந்துச்சு. பொரி உருண்டைய எடுத்து அவங்க கையில குடுத்தேன். மூக்கச் சிந்திட்டு, அவ தனியா கிடப்பான்னு திரும்ப மேல போயிட்டாங்க, எண்ணெய்க் கிண்ணம் பெஞ்சுலயே இருந்துச்சு.

"செண்பகவல்லி பேபி! செண்பகவல்லி பேபி அட்டெண்டர் யாரு?" கதவத் திறந்து நர்ஸு நிக்குறாங்க. எந்திரிச்சேன். "அம்மா எங்க?" "மேல வார்டுல, காய்ச்சல் சிஸ்டர்." "அப்ப நீங்க வாங்க, செருப்பக் கழட்டிட்டு, கையில மருந்து போட்டுட்டு. பால் குடுக்கணும், புடிச்சுக்க ஆள் வேணும்." ரிசல்ட்டுன்னு கேக்க வாயத் திறந்தேன். அவங்களே நடந்துக்கிட்டே சொன்னாங்க, "வந்துருச்சு. நல்லா இறங்கியிருக்கு. ரத்தம் மாத்த வேண்டியதில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு ராத்திரி லைட்டுல இருக்கட்டும். காது டெஸ்ட் மட்டும் பின்னால ஒரு நாள் பண்ணணும், மறந்துராதீங்க." சரிங்க சரிங்கன்னேன். உள்ள பூராவும் நீலம், என் சட்ட நீலம், நகம் நீலம். அவங்க ஒரு சுவிட்ச அமுக்குனாங்க, நீலம் போச்சு, மேல சாதா டியூப்லைட்டு. கண்ணுல கட்டியிருந்த துணிய அவுத்தாங்க. "வெளிச்சம் தோல வெளுத்துரும், பாத்துட்டு நீங்களா எதுவும் முடிவு பண்ணாதீங்க, ரத்தக் கணக்குதான் கணக்கு"ன்னு கண்டிஷனாச் சொன்னாங்க. அது எனக்குத் தெரியும்மா, கண்ண நம்பித்தான் இங்க வந்து நிக்குறோம். ஆனா ரத்தமும் சொல்லிருச்சே. குனிஞ்சு பாத்தேன். போன் இல்ல, எண்ணெய் இல்ல, நடுவுல ஒண்ணும் இல்ல. மண் கலரு. மழ பெஞ்ச கரிசல்ல சூரியன் பட்ட மாதிரி கொஞ்சம் செவப்பு ஓடி, மத்தபடி கறுப்பு. சுவத்துல பழைய பெயிண்டோட புதுப் பெயிண்டு சேந்துருச்சான்னு பாக்க, பக்கத்துல பிரஷ்ஷால ஒரு தீத்து தீத்திட்டு, ஒத்தக் கண்ண இடுக்கிக்கிட்டு ஓரத்தத் தேடுவேன், ஓரம் தெரிஞ்சா இன்னும் கலக்கணும், தெரியலன்னா விட்டுறலாம். என் விரல அவ காலோட ஒட்டி வெச்சேன். கண்ண இடுக்குனேன். ஓரம் தெரியல. அவ அந்த விரல ஒதைச்சா, ஒதைச்சிட்டு மூஞ்சியச் சுருக்கி வீல்னு கத்துனா. சாதுவான புள்ளயாம். நர்ஸு சிரிச்சுக்கிட்டே பால் புகட்டுற பாலாடைய எடுத்தாங்க, எனக்குக் கன்னம் சுட்டுச்சு, அப்பத்தான் நான் அழுகுறேன்னு தெரிஞ்சுது.

வெளிய வந்ததும் போன் அடிச்சுது, செம்பகம். யாரோ போய்ச் சொல்லிட்டாங்க போல, மூச்சு வாங்குது அவளுக்கு. "ஏங்க, உள்ள விட்டாங்களாமே. இறங்கிருச்சாமே. பாத்தீங்களா? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." "அனுப்ப மாட்டேன். காய்ச்சல் விடட்டும், நீயே வந்து பாரு." "அப்ப சொல்லவாவது செய்ங்க. எப்படி இருக்கா?" வராந்தாவுல வெயில் அடிச்சுது, பெஞ்சுல எண்ணெய்க் கிண்ணம் திறந்தபடி இருந்துச்சு, ஒரு எறும்பு அது ஓரத்துல சுத்துது. "கறுப்பா இருக்கா"ன்னேன். சின்னக் குரல்ல, "நெசமாவா?" "நெசமாத்தான். என் கலரு, செம்பகம். எங்கப்பா கலரு." அவ அழுகுறது கேட்டுச்சு. "இன்னொரு தடவ சொல்லுங்க." "கறுப்பா இருக்கா." "இன்னொரு தடவ."